ஓர் ஆள் அரிசி

1939 நவம்பர் 3, இரவு

போபே அக்காவுக்கு,

இதை விடுதி அடுப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வாரம் அறைகள் சூடாக இருக்கத் தரைக்கு அடியில் தீ போடும் முறை என்னுடையது. எல்லோரும் தூங்கிய பிறகு நான் விழித்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அடுப்பு வாயைத் திறந்து வைத்தால் எழுதும் அளவுக்கு வெளிச்சம் வருகிறது. யாராவது வரும் சத்தம் கேட்டால் தாளை உள்ளே போட்டுவிடுவேன். ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் அப்படிப் போயின.

உன் அப்பாவை ஓக் அம்மா வீட்டுப் பின்னறையிலிருந்து போலீஸ் இழுத்துக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. நீயும் உன் அம்மாவும் மலை ஊருக்கு உன் மாமா வீட்டுக்குப் போன பிறகு வகுப்பில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. உன் இடத்தில் துணிக்கடைக்காரர் மகளை உட்கார வைத்திருக்கிறார்கள். சபையிலும் "சோ உபதேசியார்" என்று சொல்லாமல், "அந்த விஷயம்" என்றுதான் சொல்கிறார்கள்.

முதல் தேதி மறுபடியும் நம்மை ஆளும் ஜப்பான் சர்க்கார் உத்தரவுப்படி எங்களை மலைமேல் இருக்கும் ஜப்பானியக் கோவிலுக்கு வரிசையாகக் கூட்டிப் போனார்கள். நான் குனிந்து கும்பிட்டேன் அக்கா. எல்லோரும் குனிந்தார்கள் என்று எழுத வந்தேன், அடித்துவிட்டு இப்படி எழுதுகிறேன். அன்று இரவு போர்வைக்குள் அழுது மன்னிப்புக் கேட்டேன். மனதில் கொஞ்சம் இலேசானது. ஆனால் டிசம்பர் முதல் தேதியும் குனிவேன் என்று எனக்குத் தெரியும். அன்று இரவு எந்த வார்த்தைகளால் மன்னிப்புக் கேட்பது என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன். குனிவதற்கு முன்பே மன்னிப்பைத் தயார் செய்து வைப்பவள் செய்வது மனந்திரும்புதலா? போதகரிடம் கேட்கலாம் என்றால், அன்று எங்களுக்கு முன்வரிசையில் குனிந்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவர், கிருபைக்குக் கணக்கில்லை என்று பிரசங்கம் செய்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்.

உன் அப்பா இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று வேண்டாம். தீ தணிகிறது.

இதை ஊர் ஊராக வேதம் வாசித்துக்கொண்டு நடக்கும் ஹாம் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் பாவாடை மடிப்பை யாரும் சோதிப்பதில்லை.

இன்சில்


1939 நவம்பர் 19

இன்சிலுக்கு,

உன் கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினேன். எண்ண எனக்கு நேரம் இருக்கிறது. இங்கே உருளைக்கிழங்கைத் தவிர எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. மாமா வீட்டில் நானும் அம்மாவும் அதைத்தான் தின்கிறோம். மாமி ஒவ்வொரு வேளையும், "பட்டணத்துப் பொண்ணுக்குத் தொண்டைல இறங்குதா?" என்று கேட்பாள். இறங்குது என்பேன். இறங்காது.

அப்பாவைப் பியோங்யாங் சிறைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அம்மா மூன்று தடவை போய்விட்டு வந்தாள். ஒரு தடவையும் பார்க்க விடவில்லை.

நான் உன் போதகர் இல்லை. மலைக்கோவிலில் குனிந்தது பெரிய பாவமா சின்னப் பாவமா என்று என்னிடம் கேட்காதே. அங்கே குனியக் கூடாது என்று பிரசங்கித்துத்தான் அப்பா ஒளிய வேண்டி வந்தது, அவர் கோபப்படுவார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முதல் தடவை வரிசை போன மாதமே அவர் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார், நினைவிருக்கிறதா? நான் அங்கே நின்றதே இல்லை. நின்றிருந்தால் என் முதுகு என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு என் முன்னால் மண்டியிடாதே.

எனக்கு வேறொன்று வேண்டும். ஓக் அம்மா வீட்டுப் பின்னறையில் அப்பா இருந்தது நான்கு பேருக்குத்தான் தெரியும். அப்பா, அம்மா, நான், ஓக் அம்மா. ஓக் அம்மாவின் மகன் அப்போது ஒரு மாதமாகப் படுக்கையில், அவனோடு ஐந்து. வெளியே எப்படிப் போனது? சபைக்குள்ளிருந்துதான் போயிருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். பிரசங்கத்தில் கேட்ட கிருபை எல்லாம் எனக்கு வேண்டாம். அந்தப் பெயர் ஒன்று போதும். உனக்குத் தெரிந்தால் எழுது.

இன்னொன்று சொல்ல வேண்டும் என்றாயே. நீ எப்போதும் இப்படித்தான். விடுதிக் கிண்ணத்தை உடைத்து ஒளித்து வைத்துவிட்டு, கர்த்தர் கிண்ணத்தையெல்லாம் கவனிப்பாரா அக்கா என்று கேட்டவள்தானே நீ. சொல்.

போபே


1939 டிசம்பர் 5, இரவு

அக்காவுக்கு,

நீ கேட்ட பெயர் என்னுடையது.

இந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் ஆகிவிட்டது. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிடியரிசிப் பைகளைக் கொட்டி அளப்பது நானும் இன்னும் இரண்டு பெண்களும்தான். உனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போதெல்லாம் வீட்டிலுள்ள ஆளுக்கு ஒரு கரண்டி என்று எடுத்துப் பையில் போட்டு வைப்பார்கள். பையைப் பிடித்துப் பார்த்தாலே எந்த வீடு என்று சொல்லிவிடுவேன். ஓக் அம்மாவின் பை எப்போதும் இரண்டு ஆள் பை. ஆகஸ்டில் அது கனத்தது. நான்கு வாரம் தொடர்ந்து மூன்று ஆள் அரிசி.

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அக்கா. ஓக் அம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை, அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். "ஓக் அம்மா, உங்க வீட்டுல புதுசா ஒரு வாய் சாப்பிடுது போல. மகனுக்குப் பொண்ணு பாத்தாச்சா?" என்றேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஓக் அம்மா சிரிக்கவில்லை. பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பாட்டுக் குழுவை நடத்தும் பியோ ஐயா பக்கத்தில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கை மட்டும் நின்றது.

அது ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது.

புதன்கிழமை பியோ என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் மிட்டாய் கொடுத்தார். "உனக்கு நல்ல கண்ணு. இனிமே எந்தப் பை கனத்தாலும் எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. ஒன்றை வாயில் போட்டேன். அது கரைந்துகொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. துப்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், பயத்தில் விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன். ஒன்றும் இல்லாததால்தான் அப்படிச் சொல்கிறேன். இருந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

தரைக்கு அடியில் உன் அப்பா இருமுவது கேட்கிறது. விறகு வெடிக்கிற சத்தம்தான். ஆனாலும் ஓக் அம்மா வீட்டில் அவர் இருமலை எப்படி அடக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே தீயைக் கிளறுகிறேன். தொண்ணூறு இரவுகளாகக் கர்த்தரிடம் இதைச் சொல்கிறேன். அவர் மன்னித்தாரா என்று தெரிய வழியில்லை. நீ சொன்னால் தெரியும்.

இன்சில்


1939 டிசம்பர் 24

படித்தேன். அடுப்பில் போட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

எழுதாதே.


1940 ஜனவரி 12, இரவு

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதையும் எரித்துவிடு. ஆனால் முதலில் படி.

உன் அப்பா சிறையில் இறந்துவிட்டார் என்று ஹாம் அம்மா சொன்னார். விடியற்கால ஜெபத்தில் போதகர் பெயர் சொல்லாமல், நம்மில் ஒருவர் இளைப்பாறுதலுக்குப் போய்விட்டார் என்றார். யாரும் சத்தமாக அழவில்லை. பியோவும் முழங்காலில் இருந்தார். பிறகு எழுந்து பாட்டை ஆரம்பித்தது அவர்தான். குரல் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஒரு விஷயம் நடக்கிறது, சொல்ல வேறு ஆள் இல்லை.

தகர வேலை செய்யும் மா வீட்டுப் பை கனத்திருக்கிறது. நான்கு பேர் வீடு, இப்போது ஐந்து ஆள் அரிசி. அவர்கள் அரிசியில் சிவப்புச் சோளம் கலந்து உலை வைக்கும் வீடு. பையைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. பியோ வருவதற்குள் ஓர் ஆள் அளவை அள்ளி மற்ற வீட்டுப் பைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிட்டேன். அவர் வந்து, "எதாவது உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கண்ணு மங்கிப் போச்சா?" என்று சிரித்தார். மூன்று வாரமாக இப்படித்தான் செய்கிறேன்.

மா வீட்டு அம்மாவைக் கிணற்றடியில் பார்த்து, பை கனக்கிறது, குறைத்துப் போடுங்கள் என்று காதில் சொன்னேன். முகம் வெளுத்தது. ஆனால் அவர், "கர்த்தருக்குக் குடுக்குறதைக் குறைக்கச் சொல்றதுக்கு நீ யாருடி?" என்றார். அடுத்த வாரமும் ஐந்து ஆள் அரிசிதான்.

பொய் சொல்கிறேன், காணிக்கையில் கை வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்பவள் நான், இதற்கு மட்டும் கேட்க வாய் வரவில்லை.

இதைக் கேள். இரண்டு பெண்கள் மலைக்குப் போக மறுத்தார்கள். அன்றே பெட்டியோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். நானும் மறுக்கலாம். மறுத்தால் பைகளை வேறொரு பெண் அளப்பாள். அவளுக்கும் நல்ல கண்ணு இருக்கும். அதனால் பிப்ரவரி முதல் தேதியும் போய்க் குனியப் போகிறேன். முன்பு பயத்தில் குனிந்தேன். இப்போது பயத்தோடு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. எது எவ்வளவு என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. நல்ல காரணம் கிடைத்ததில் எனக்குள் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதியைத்தான் நான் நம்பவில்லை.

இன்சில்


1940 பிப்ரவரி 20

இன்சிலுக்கு,

அப்பாவை இங்கே மேட்டில் புதைத்தோம். மண் உறைந்திருந்தது. மாமா இரண்டு நாள் நெருப்புப் போட்டுத்தான் தோண்டினார். உருளைக்கிழங்கைச் சொல்லிக் குத்திப் பேசும் மாமி அழுதாள், நான் அழவில்லை.

ஓக் அம்மா அத்தனை தூரம் பனியில் நடந்து வந்தார். வந்தவர் அம்மாவின் காலடியில் விழுந்து, அரிசிப் பையைப் பற்றிச் சொன்னார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். உன் பெயர் வரும் என்று. வரவில்லை. அவர் சொன்னது வேறு. "நான் வேணாம்னேன்மா. ரெண்டு கரண்டியே போடறேன், மூணாவது வேணாம்னேன். உபதேசியார் கேக்கல. சாப்பிடுற வாய் இது, இதுக்கான கரண்டியைத் திருடித் தின்னச் சொல்றீங்களான்னு கேட்டார். நானும் போட்டேன்" என்றார். அம்மா அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். பிறகு, "அவரு அப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அப்பா மேல். அவர் மேல் கோபப்பட்டதும் உன் மேல் கோபப்பட ஆளில்லாமல் போய்விட்டது போல இருந்தது. அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உண்மையைச் சொல்கிறேன். விடியற்காலம் ஜெபத்தில் உன்னை மன்னிக்கிறேன். மனதாரத்தான். தண்ணீர் எடுத்துக்கொண்டு மேடு ஏறுவதற்குள் அது போய்விடுகிறது. நீ சிரித்துக்கொண்டே அதைச் சொல்வது காதில் கேட்கிறது, உன் குரல் எனக்குத் தெரியுமே. மறுநாள் மறுபடி மன்னிக்கிறேன். குனிந்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி குனியும் உன்னைப் பார்த்துச் சிரித்தேன் அல்லவா, நான் அதையே மறுபக்கத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். ஒரு தடவையில் முடிகிற காரியம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இன்று இதை எழுதும்போது உன்னை மன்னித்திருக்கிறேன். அது போவதற்குள் எழுதிவிடுகிறேன். மன்னித்தேன் இன்சில்.

மலைக்கோவிலில் குனிவதைப் பற்றி எழுதியிருந்தாய். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் நீ தனியாக இருக்கக் கூடாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாம் அம்மாவோடு இங்கே வந்துவிடு. உருளைக்கிழங்கு தொண்டையில் இறங்காது, பழகிக்கொள்ளலாம்.

போபே


1940 பிப்ரவரி 29, இரவு

அக்காவுக்கு,

நீ எழுதவில்லை. சரி. ஹாம் அம்மா ஊரில் இருக்கிறார், அதனால் இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு பியோ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தானே பைகளைக் கொட்டிப் பார்த்தார். போதகர் வீட்டு வெள்ளை அரிசியிலிருந்து ஒரு சிவப்புச் சோளத்தைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இது யார் வீட்டுது?" என்றார். தெரியாது என்றேன். இன்னொன்றைப் பொறுக்கி வைத்தார். பிறகு இன்னொன்று. கோபப்படவே இல்லை. வெள்ளிக்கிழமை முதல் தேதி, மலைக்குப் போய்விட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வா, அங்கே பேசிக்கொள்ளலாம் என்றார்.

அன்று இருட்டியதும் மா வீட்டுக்கு ஓடினேன். அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். போகச் சொன்னேன். நம்பவில்லை. என்னைப் பியோ அனுப்பியதாக நினைத்தார். வேறு வழி தெரியவில்லை அக்கா. "சோ உபதேசியாரைக் காட்டிக் குடுத்தது நான்தாம்மா. ஓக் அம்மா பையைப் பாத்துட்டு என் வாயாலதான் சொன்னேன்" என்றேன். ஆறு மாதமாக இரவில் கர்த்தரிடம் சொன்னது எனக்கு வலிக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்த பார்வையில் நான் செத்துப்போனேன். ஆனால் நம்பினார். உள்ளே திரும்பி, "எல்லாரும் எந்திரிங்க" என்றார். எனக்குக் கதவைச் சாத்திவிட்டார்.

விடிவதற்குள் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். உறைந்த ஆறு இன்னும் தாங்குகிறதாம்.

பைகளை அளக்கும் வேலை இனி எனக்கில்லை. அதனால் நாளை மலையில் குனிவதற்கு ஒரு நல்ல காரணமும் மிச்சமில்லை, பயம் மட்டும் இருக்கிறது. பயத்துக்காகக் குனிய வேண்டாம் என்று இருக்கிறேன். காலையில் என்ன செய்வேனோ.

இன்சில்


1940 மார்ச் 17

இன்சிலுக்கு,

உன் கடைசிக் கடிதத்தையும் நான் உனக்கு எழுதியதையும் ஹாம் அம்மா ஒன்றாகக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் எழுதியது பிரிக்கப்படாமல் இருந்தது. விடுதியில் உன் படுக்கை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறதாம். உப்பளத்திலிருந்து உன் அப்பா வந்து கேட்டதற்கு, அப்படி ஒரு பெண் இங்கே படிக்கவில்லை என்றார்களாம். ஒரு பெண்தான் ஹாம் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாளாம். மலையில் எல்லோரும் குனிந்தபோது நடுவில் ஒரு தலை மட்டும் நின்றதாம். நடுங்கிக்கொண்டுதான் நின்றாளாம். ஆனால் நின்றாளாம்.

நீ அறியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். என் கடிதத்தின் தேதி பிப்ரவரி இருபது. இரண்டு நாள் கழித்து ஹாம் அம்மா வந்தார், என் கையில் கடிதம் இருந்தது. கொடுக்கவில்லை. அன்று காலையில் மன்னித்த மனது போய்விட்டிருந்தது. இவ்வளவு சுலபமாக அவளுக்குக் கிடைக்க வேண்டுமா என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அன்று கொடுத்திருந்தால் இருபத்தெட்டாம் தேதிக்குள் உன் கையில் இருந்திருக்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டு நீ வந்திருக்கலாம். வராமல் நின்றிருந்தாலும், நான் மன்னித்தேன் என்று தெரிந்து நின்றிருப்பாய். மார்ச் நான்காம் தேதி பட்டணத்துக்குப் போன ஒருவரிடம், ஹாம் அம்மா கையில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். உன்னை அதற்கு மூன்று நாள் முன்பே போலீஸ் கொண்டு போய்விட்டது.

இப்போது இரவில் விழித்திருப்பவள் நான். மாமி தீயை அணைத்த பிறகும் ஒருத்தி உட்கார்ந்து அடுப்பைக் கிளறும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் சாம்பல் ஆறிக் கிடக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பெயரை, நீ சொன்னதை, நான் பூட்டி வைத்ததை. அம்மா எழுந்து, அப்பாவுக்கென்று தைத்து அவர் உடுத்தாமல் போன பஞ்சு வைத்த மேலங்கியை எடுத்து உன் அளவுக்குச் சுருக்கித் தைக்க ஆரம்பித்தாள். "அந்தப் புள்ளை என்ன உயரம் இருப்பா?" என்று மட்டும் கேட்டாள். என் காதளவு என்றேன்.

நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். எந்தச் சிறை என்று தெரியாது, ஒவ்வொரு வாசலாகக் கேட்டுப் போவோம். என் கடிதம் இரண்டும் மேலங்கியின் பஞ்சுக்குள் இருக்கின்றன. இதை நீ படித்தால் அங்கிருந்தே என்னை மன்னி. ஒரு தடவை போதாது, எனக்குத் தெரியும். வாசலில் நிற்பவன், உள்ளே இருக்கிறவளுக்கு நீங்கள் யார் என்று கேட்பான். அம்மா அதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிறாள். நான் அவளுடைய தாய் என்று சொல்லப் போகிறாள்.

போபே